ஆடும் இழையும் அசையாத புலியும்

புலி என்று அவருக்குப் பெயர் வந்த காரணத்தை அவர் மனைவி இன்றுவரை தப்பாகத்தான் புரிந்துவைத்திருக்கிறார். கணவர் வேலையிடத்தில் ஏதோ வீரதீரம் காட்டியிருக்கிறார், மலைத்துப்போன சக ஊழியர்கள் பட்டம் கொடுத்துவிட்டார்கள் என்பது அந்த அம்மாளின் நம்பிக்கை. கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறி நிற்கிற மனிதர் ஆபீசில் எப்படிப் புலியானார் என்ற சந்தேகம் வராமலில்லை. வீட்டில் எலி, வெளியில் புலி என்பது ஆண்பிள்ளைகளின் பொது இலக்கணம்தானே என்று அதை மேற்கொண்டு கிளறாமல் விட்டுவிட்டார்.

உண்மைக் காரணம் வேறு. ‘புலி வருது, புலி வருது’ என்று அடிக்கடி கத்துகிறவர் என்பதால் வந்த பெயர் அது. புலி மட்டும் அதுவரை ஒரு தடவையும் வந்ததில்லை.

அவர் உத்தியோகம் சூரியனைப் பார்ப்பது. சூரிய ஆய்வு நிலையத்தில், கோபுரத்தின் உச்சியில் தொலைநோக்கி இருக்கும். அது பிடித்து அனுப்புகிற படத்தைக் கீழே ஓர் அறையில் திரையில் பார்த்துக்கொண்டு இவர் இருப்பார். இளமையில் நட்சத்திரங்களை ஆராயத்தான் வந்தார். நட்சத்திரங்களிடம் ஒரு கெட்ட பழக்கம், ராத்திரியில்தான் வரும். இவருக்கோ சாப்பிட்டுக் கை கழுவினால் கண் சொருகிவிடும். பயிற்சிக் காலத்தில் தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடியே குறட்டை விட்டவர் என்ற பெருமை நிலையத்தின் வரலாற்றில் இவருக்கு மட்டும்தான் உண்டு. காலையில் வந்து சாயங்காலம் வீட்டுக்குப் போகிற நட்சத்திரம் ஒன்றே ஒன்றுதான் என்பதால் மேலிடத்தில் இவரை அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று.

சூரியனில் இவருக்கென்று ஒதுக்கப்பட்ட சமாச்சாரம் ‘இழை’. படத்தில் பார்த்தால் சூரியன் முகத்தில் ஒரு கறுப்பு முடி விழுந்து ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். வேலைக்கு வந்த முதல் நாள் இவர் சட்டைத் துணியால் திரையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். முடி போகவில்லை. பிறகுதான் சொன்னார்கள்: அது முடியுமில்லை, நூலுமில்லை, சுற்றியுள்ள சூட்டைவிடச் சூடு குறைந்த வாயு, காந்த விசையில் தொங்குகிறது, கொடியில் காயப்போட்ட புடவை மாதிரி. ஒரே வித்தியாசம், இந்தப் புடவையின் நீளத்துக்குப் பூமியைப் போலப் பல உருண்டைகளை வரிசையாக அடுக்கலாம்.

இழை நாள் கணக்கில் சும்மா தொங்கும். பிறகு என்ன கேடோ, சில இழைகள் ஆடத் தொடங்கும். சாவகாசமான ஆட்டம், ஒரு தடவை அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வருவதற்குள் நாம் குளித்து, சாப்பிட்டு, ஒரு சண்டையும் போட்டுவிடலாம். அப்படி ஆடி, மெல்ல எழும்பி, ஒரு கட்டத்தில் கொடியும் புடவையும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு விண்வெளிக்குப் போகும். அதுதான் வெடிப்பு. அது நம் திசையில் வந்துவிட்டால் செயற்கைக்கோளுக்கு விக்கல், மின்கம்பிக்குக் காய்ச்சல்.

ஆடினால் வெடிக்கும் என்று சொல்லிவிட்டுச் சம்பளம் வாங்கலாமே என்று தோன்றும். அங்கேதான் வம்பு. ஆடுகிறதெல்லாம் வெடிக்காது. முக்கால்வாசி இழைகள் ஆடிக் களைத்துப் பழையபடி தொங்கும். சில இழைகள் ஆடவே ஆடாமல், இவர் கை கழுவப் போன நேரமாகப் பார்த்து வெடிக்கும். ஆட்டத்துக்கும் வெடிப்புக்கும் உறவு இருக்கிறது என்று விஞ்ஞானிகள் எழுதுகிறார்கள். இருக்கிறதுதான், ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிற ஓரகத்திகளின் உறவு மாதிரி.

வீட்டிலும் புலிக்கு இதே ஆராய்ச்சிதான். மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். நாளெல்லாம் மாணவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்மேல் கால் வைத்தே பழகியதால், வீட்டில் சோபாவில் உட்கார்ந்தாலும் வலது பாதம் தானாக மேலும் கீழும் ஆடும். அந்தப் பாதத்தின் ஆட்டத்துக்கும் அதற்குப் பின் வரும் கோபத்துக்கும் தொடர்பு உண்டா என்று கல்யாணமான நாள்முதல் கவனித்துவருகிறார். முடிவு தெரியவில்லை. பாதம் ஆடினால் இவர் குடும்பத் தலைவர் என்ற முறையில் மாடிக்குப் போய்விடுவார். அதனால் ஆராய்ச்சி ஒவ்வொரு தடவையும் பாதியில் நின்றுவிடும்.

ஆபீசில் மாடி கிடையாது. வெடிக்கும் என்று தோன்றினால் வெடிக்கும் முன்பே எச்சரிக்கை அனுப்ப வேண்டும். வெடித்த பிறகு சொல்ல யாராலும் முடியும், முன்பே சொல்வதில்தான் நிலையத்தின் மானம் இருக்கிறது என்பது இயக்குநர் அம்மாளின் கொள்கை. எச்சரிக்கை மின்சாரக் கட்டுப்பாட்டு அறைக்கும் விமானக் கம்பெனிகளுக்கும் போகும். புலி அனுப்பிய முதல் எச்சரிக்கையில் ஒரு விமானம் பாதையை மாற்றிச் சுற்றிக்கொண்டு போய், அதில் இருந்தவர்கள் யாருக்கும் வேலையில்லாத ஓர் ஊரில் இறங்கியது. இரண்டாவதில் மின்சாரக் கட்டுப்பாட்டு அறையில் உடைந்த கம்பியைச் சரிசெய்யப் புறப்பட்டவர்களைத் திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். மூன்றாவதிலும் அதே. மூன்று இழையும் ஆடிவிட்டு அமைதியாகத் தொங்கின.

மின்சாரக் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கையை வாங்குகிற அதிகாரி வேறு யாருமில்லை, புலியின் மச்சான், மனைவியின் தம்பி.

“அத்தான், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க,” என்று மூன்றாவது தடவைக்குப் பிறகு அவர் போனில் சொன்னார். “என்மேல ஏதாவது கோவம் இருந்தா நேரா சொல்லிடுங்க. சூரியனை எதுக்கு நடுவுல இழுக்கறீங்க?”

“மச்சான், அது ஆடிச்சு. நான் பாத்தேன்.”

“ஆடும் அத்தான். எங்க ஆபீஸ் மேசைகூடத்தான் ஆடுது. அதுக்காக நான் ஊருக்கே கரண்ட்டை நிறுத்தறேனா?”

இயக்குநர் அம்மாள் இவ்வளவு விஸ்தாரமாகப் பேசவில்லை. “இன்னொரு தடவை தப்பாச்சுன்னா நீங்க பார்வையாளர் கூடத்துக்குப் போயிடுங்க சார்,” என்றார்.

பார்வையாளர் கூடத்தில் காகிதக்கூழால் செய்த ஒரு சூரியன் இருக்கிறது. உள்ளே பல்பு. பள்ளிப் பிள்ளைகள் வந்தால் சுவிட்சைப் போட்டு, ‘இதுதான் சூரியன், ரொம்பச் சூடானது’ என்று சொல்ல வேண்டும். அந்தச் சூரியன் ஆடாது, வெடிக்காது. எத்தனை தடவை ஏமாற்றினாலும் புலிக்கு உயிருள்ள சூரியன்தான் வேண்டும். பல்பு போட்ட சூரியனோடு ஓய்வுபெறும் வரை குடும்பம் நடத்த முடியாது.

இந்த நிலையில் இயக்குநரின் அறைக்கு வெள்ளையடிக்க வந்தார்கள். அவர் தன் மேசையைப் புலியின் அறைக்கு மாற்றிக்கொண்டார். அங்கே ஏற்கெனவே படங்களைச் சுத்தம் செய்து சேமிக்கிற ஒருவர் இருந்தார். எந்தக் காலத்திலும் கம்பளிக் குல்லாய் போட்டிருப்பதால் குல்லாய் என்றே அவருக்குப் பெயர். மெலிந்த உடம்பு, மின்விசிறியைப் பார்த்தாலே தும்முவார். இயக்குநர் அம்மாளுக்கோ வெயிலை நினைத்தாலே வியர்க்கும்.

அறையில் ஏசி ஒன்று, ரிமோட் ஒன்று. உலகப் போர்கள் இதைவிட அற்பக் காரணங்களுக்கு மூண்டிருக்கின்றன. அம்மாள் உள்ளே வந்தால் பதினெட்டு. அவர் ஏதாவது கூட்டத்துக்கு எழுந்துபோனால், கதவு சாத்தும் சத்தம் அடங்குவதற்குள் குல்லாயின் கை நீளும், இருபத்தாறு. திரும்பி வந்தால் மறுபடி பதினெட்டு. ஒருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாகரிகமானவர்களின் சண்டை அப்படித்தான் நடக்கும்.

அன்று சூரியன் முகத்தில் ஒரே ஓர் இழைதான் இருந்தது, நீளமாக, கொழுத்து. காலையிலிருந்து புலி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் இழை மங்கியது. மங்கி, காணாமலே போனது. சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்தது. மறுபடி மங்கியது.

புலி நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். இழை நம்மை நோக்கியும் நம்மைவிட்டு விலகியும் ஆடினால், திரையில் இப்படித்தான் மறைந்து மறைந்து தெரியும். இழை கண்ணடிக்கிறது என்பார்கள். ஏனென்றால் தொலைநோக்கி கீழே அறைக்கு இறக்கும் வெளிச்சத்தில், அங்கிருக்கிற வடிகட்டி சிவப்பில் ஒரே ஒரு மயிரிழை நிறத்தைத்தான் உள்ளே விடும். ஓடுகிற வாயுவின் நிறம் கொஞ்சம் நகர்ந்தாலும் அது வடிகட்டிக்குத் தப்பிவிடும். இவ்வளவு பெரிய கண்ணடிப்பை இவர் வாழ்க்கையில் யாரும் இவருக்குச் செய்ததில்லை.

ஜன்னலோரக் கணினிக்குப் போய் எச்சரிக்கையைத் தட்டச்சு செய்து முடித்தார். அனுப்பும் பொத்தான்மேல் விரலை வைத்தார். கண்முன் காகிதக்கூழ் சூரியன் தெரிந்தது. விரலை எடுத்துவிட்டுத் திரை முன் திரும்பி வந்து உட்கார்ந்தார். வியர்த்தது, ஸ்வெட்டரைக் கழற்றினார். இழை மறைந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் குளிர்ந்தது, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டார். இழை வந்திருந்தது. மறுபடி வியர்த்தது. கழற்றினார். இழை போய்விட்டது.

தன் ஸ்வெட்டருக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தொடர்பை அறிவியல் உலகம் இதுவரை கவனிக்கவில்லை என்ற எண்ணம் ஒரு கணம் அவருக்கு வரத்தான் செய்தது. அப்போது கதவு சாத்தும் சத்தம். குல்லாயின் கை ரிமோட்டுக்கு நீண்டது. புலி அந்தக் கையைப் பார்த்தார், ஏசியைப் பார்த்தார், அதற்கு நேர் கீழே பெட்டிக்குள் இருக்கிற வடிகட்டியைப் பார்த்தார். வடிகட்டி சூட்டுக்குச் சுணங்குகிற சாமான். அறை சூடேறினால் அது பிடிக்கிற நிறம் நகர்ந்துவிடும். கண்ணடித்தது இழை இல்லை, இந்த அறைதான்.

நாலாவது புலியை அனுப்ப விரல் அகலம்தான் பாக்கி இருந்திருக்கிறது.

குல்லாய் தேநீர் குடிக்க வெளியே போனதும் எழுந்து ரிமோட்டை எடுத்தார். இருவருக்கும் பொதுவாக இருபத்திரண்டில் வைத்தார். வடிகட்டியின் குமிழைத் திருகி இழையைத் திரும்பக் கொண்டுவந்தார். எந்தச் சூடானாலும் பாதகமில்லை, மாறாமல் இருந்தால் போதும். இனி இரண்டு பேரிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று தைரியத்தைத் திரட்டிக்கொண்டிருந்தபோது இயக்குநர் அம்மாள் உள்ளே வந்தார். திரட்டிய தைரியம் சிதறி ஓடியது. கையிலிருந்த ரிமோட்டை நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

சற்று நேரத்தில் அம்மாள் கோப்பு ஒன்றை எடுத்து விசிறிக்கொண்டார். திரும்பி வந்த குல்லாய் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டார். இருபத்திரண்டு என்பது இருவரையும் சமமாகக் கஷ்டப்படுத்துகிற நியாயமான எண். இரண்டு பேர் கண்களும் வழக்கமான இடத்தில் ரிமோட்டைத் தேடின.

“இங்க ஒரு ரிமோட் இருந்துச்சே,” என்றார் அம்மாள்.

“அதான் நானும் பாக்கறேன் மேடம்.”

அந்த வாரத்தில் இருவரும் பேசிக்கொண்ட முதல் வாக்கியங்கள் இவைதான். மேசைக்கு அடியில் ஒருவரும் அலமாரிக்குப் பின்னால் ஒருவருமாகத் தேடினார்கள். பொது எதிரி கிடைத்தால் பகை மறையும் என்பதற்குப் புலி கண்ணெதிரே சாட்சியானார். அந்தப் பொது எதிரி தனக்கு அடியில் இருக்கிறது என்பதுதான் சங்கடம்.

“சார், நீங்க கொஞ்சம் எழுந்திருங்க, உங்க பக்கம் பாத்துடறேன்,” என்றார் குல்லாய்.

“இங்க இல்லப்பா. நான் பாத்துட்டேன்.”

“எப்ப பாத்தீங்க?”

“காலையில.”

சொல்லிவிட்டு, பொய்யின் பாரம் தாங்காமல் லேசாக நெளிந்தார். ‘கிய்ங்’ என்று ஏசி கூவியது. ரிமோட்டின் முனை நாற்காலிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. ஏசியின் வாயில் இருக்கிற பலகை மெல்ல மேலும் கீழும் ஆடத் தொடங்கியது. காற்று ஒரு தடவை அம்மாள்மேல் அடித்தது, அடுத்த தடவை குல்லாய்மேல். குல்லாய் தும்மினார்.

“தானா ஆடுது மேடம். உள்ள ஏதோ போயிடுச்சு போல.”

“அது என்னிக்கு ஒழுங்கா இருந்துச்சு,” என்றார் அம்மாள்.

சூடு மட்டும் மாறவில்லை. புலி மூச்சைக்கூட அளந்து விட்டார். அசையாமல் உட்கார்ந்து திரையைப் பார்த்தவர் கண்ணில்தான் அது பட்டது. இழை இப்போது மங்கவுமில்லை, மறையவுமில்லை. உடம்போடு பக்கவாட்டில் நகர்ந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து எதிர்ப்பக்கம் நகர்ந்தது. இது அறையின் சேட்டை இல்லை. இழை நிஜமாகவே ஆடுகிறது.

போன் அடித்தது, மனைவி.

“ஏங்க, சாப்பிட வரலையா?”

“எழுந்திருக்க முடியாது.”

“இடுப்பு பிடிச்சுக்கிச்சா?”

“இல்ல, ஆடுது.”

“இடுப்பா?”

“சூரியன்.”

“சரி, மூடி வைக்கறேன்,” என்று சொல்லி மனைவி போனை வைத்துவிட்டார். நல்ல குடும்பங்களில் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை.

சூரியன் மேற்கே சாயச் சாய ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிட அகலமானது. கூடவே இழை கொஞ்சம் தடித்து, மேலே எழும்பியது போலவும் தெரிந்தது. ரிமோட்மேல் உட்கார்ந்ததிலிருந்து எழுந்திருக்காத மனிதரின் உடம்பிலும் அவசர அவஸ்தை ஒன்று அலையலையாக ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு எச்சரிக்கை அனுப்ப எந்த நிலையமும் இல்லை. தட்டச்சு செய்துவைத்த எச்சரிக்கையோ ஜன்னலோரக் கணினியில் இருந்தது. புலி யோசித்தார். பிறகு கால் கட்டைவிரலால் தரையை உந்தி, நாற்காலியோடு உருண்டு அறையின் குறுக்கே போனார்.

அம்மாள் கோப்பு விசிறுவதை நிறுத்தினார். “ஏன் சார் எழுந்திருக்க மாட்டேங்கறீங்க?”

புலி அந்த முகத்தைப் பார்த்தார். இனி மறைக்க உடம்பிலும் இடமில்லை. “மேடம், ரிமோட் என்கிட்டதான் இருக்கு. என்மேல இல்ல, எனக்குக் கீழ.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பதினெட்டு, இருபத்தாறு, கண்ணடிப்பு, ஸ்வெட்டர் எதையும் விடவில்லை. குல்லாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வெளியே எதையோ ஆராய்ந்தார். அம்மாளின் முகம் சிவந்தது, வெளுத்தது, மறுபடி சிவந்தது. பெரிய வெடிப்பு வரும் என்று புலி கணித்தார். வழக்கம்போல் வரவில்லை.

“இப்ப ஆடறது நெசமா?” என்று மட்டும் கேட்டார்.

“நெசம்.”

“வெடிக்குமா?”

“வெடிக்கும்னு தோணுது மேடம்.”

“போன மூணு தடவையும் தோணுச்சு.” அம்மாள் திரைக்கு அருகில் வந்து குனிந்து பார்த்தார். “அனுப்பறதுன்னா அனுப்புங்க. நான் தடுக்கல. ஆனா கூடத்தைப் பத்திச் சொன்னது சொன்னதுதான்.”

அனுப்பாவிட்டால் இந்த நாற்காலி பறிபோகாது. ஆடுகிற இழையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் விலை. புலி எச்சரிக்கையை இன்னொரு தடவை படித்தார். பொத்தானை அழுத்தினார்.

பதில் உடனே போனில் வந்தது. “அத்தான், மறுபடியுமா? ஆளுங்க வண்டியில ஏறிட்டாங்க.”

“இறக்கிடு மச்சான்.”

“அக்காகிட்ட சொல்வேன்.”

“சொல்லு. அவளுக்கும் தெரியும்.”

மூன்று பேரும் திரை முன் உட்கார்ந்தார்கள். ஏசிப் பலகை எல்லோருக்கும் முறை வைத்து விசிறியது. கடைசியாக ஓர் ஆட்டம் அந்தப் பக்கம் போனது. திரும்பி வரவில்லை. இழை வில் மாதிரி வளைந்தது, நீண்டது, நடுவில் மெலிந்தது. சூரியன் முகத்திலிருந்து யாரோ நூலைப் பிடித்து இழுத்த மாதிரி ஒட்டுமொத்தமாகக் கிளம்பிப் போனது. அது தொங்கிய இடத்தின் இரண்டு பக்கமும் நெருப்புக்கோடு போட்டது போல் வெளிச்சம்.

குல்லாய் குல்லாயைக் கழற்றினார். அதற்குள் தலை இருப்பதை அன்றுதான் மற்றவர்கள் பார்த்தார்கள். புலி எழுந்தார், ரிமோட்டை அம்மாள் கையில் கொடுத்தார், விறுவிறுவென்று கழிவறைப் பக்கம் ஓடினார். வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றியை அவர் அங்கேதான் தனிமையில் கொண்டாடினார்.

திரும்பி வந்தபோது அம்மாள் விண்கலம் அனுப்பிய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெடிப்பின் மேகம் பிரமாதமாக வளர்ந்திருந்தது. திசைதான் வேறு. நம் பக்கம் இல்லை, எங்கோ ஓரமாக, ஆளில்லாத வெட்டவெளியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

மச்சானுக்குச் செய்தி போயிற்று. “அப்ப புலி வந்துச்சு, ஆனா அடுத்த தெருவுக்குப் போயிடுச்சு. அப்படித்தானே?”

“ஆமா.”

“அப்ப எங்க ஆளுங்களை வண்டியிலேர்ந்து இறக்கினது?”

“ஒரு மரியாதைக்கு,” என்றார் புலி.

இது சரியான எச்சரிக்கையா, தப்பான எச்சரிக்கையா என்பதைத் தீர்மானிக்க மறுநாள் ஒரு குழு கூடியது. குழுவில் இயக்குநர் அம்மாள் தவிர யாருமில்லை என்பதால் வாக்குவாதம் நீண்டுவிட்டது. எச்சரிக்கையில் ‘வெடிக்கும்’ என்றுதான் இருக்கிறதே தவிர ‘நம்மேல் விழும்’ என்று இல்லை. ஆகவே சரி என்று முடிவாயிற்று. அதே சமயம், பார்வையாளர் கூடத்துக்கு ஒருவர் போவார் என்று மேலிடத்துக்கு எழுதியாகிவிட்டது. எழுதியதை மாற்றினால் கேள்வி வரும். யாரை அனுப்புவது?

“நான் போறேன் மேடம்,” என்றார் குல்லாய்.

“உங்களுக்கு எதுக்குங்க அது? உங்கமேல ஒண்ணும் இல்லையே.”

“கூடத்துல ஏசி கிடையாது மேடம்,” என்றார் குல்லாய். அந்தக் குரலில் மோட்சத்தைக் கண்டவரின் நடுக்கம் இருந்தது.

இப்படியாகப் புலிக்கு அவருடைய சூரியன் கிடைத்தது. வெள்ளையடித்து முடிந்த பிறகும் இயக்குநர் அம்மாள் தன் பழைய அறைக்குத் திரும்பவில்லை; இந்த அறை வசதியாக இருக்கிறது என்கிறார். ஏசியை எப்போதும் ஒரே அளவில் வைத்திருக்க வேண்டும் என்று புலி அறிவியல் முறைப்படி கேட்டுக்கொண்டதை அவர் முழு மனதோடு ஏற்றுக்கொண்டார். அன்றுமுதல் அறையில் பதினெட்டுதான், காலையிலும் மாலையிலும். வடிகட்டி சுணங்குவதில்லை. படம் கண்ணாடி மாதிரி வருகிறது. கொதித்துக் குமுறுகிற சூரியனுக்கு முன்னால், இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு, பல் தந்தியடிக்க, இழை ஆடுகிறதா அல்லது தன் தலைதான் ஆடுகிறதா என்று புலி பார்த்துக்கொண்டிருக்கிறார்.